மம்பட்டிக் காம்பில் கட்டிய வெளிச்சம்

என் அக்கா புருஷன் விலியானுக்கு ஒரு கண்தான், இடது கண். வலது கண்ணை, மண் சரியாமல் இருக்க மலைச்சரிவுக்குச் சிமெண்ட் பீய்ச்சுகிற வேலையில் ஒரு கல்சில்லு கொண்டுபோய்விட்டது. பள்ளத்துக்கு மேலே கயிற்றில் தொங்கிக்கொண்டு, குழாயைக் கக்கத்தில் இடுக்கி, ஈரச் சிமெண்டைப் பாறைமேல் அடிக்கிற வேலை அது. அடித்ததில் கொஞ்சம் திரும்பி மூஞ்சிக்கே வரும். கம்பெனிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பழக்கூடையோடு வந்து, தலையைக் குனிந்து நின்றுவிட்டுப் போனார்கள். "பழம் நல்லா இருந்துச்சு" என்பதற்கு மேல் மாமா அதைப் பற்றிப் பேசியதில்லை. புண் ஆறியதும் மறுபடி கயிற்றில் ஏறிவிட்டார்.

ஒற்றைக் கண்ணோடு வேலை செய்யலாம், வண்டி ஓட்டலாம், பாக்கு மெல்லலாம், சண்டையும் போடலாம். துப்பாக்கிதான் சரிப்பட்டு வரவில்லை. வலது தோளில் கட்டையை வைத்து வலது கண்ணால் குறி பார்த்தே வளர்ந்த மனுஷன். அந்தக் கண் போனதும் துப்பாக்கி சுவரில் தொங்கியது.

அதனால் வீட்டில் சோறு ஒன்றும் குறைந்துவிடவில்லை. குறை வந்தது காது விழாவில்.

ஏப்ரல் கடைசியில் எங்கள் ஊரில் அந்த விழா. காலையில் மான் காதைக் கட்டி வைத்து அம்பு விடுவார்கள். அதற்குப் பிறகு ஆண்கள் வட்டமாகக் குந்துவார்கள். தினைக்கள் கிண்ணம் கைமாறி வரும். கிண்ணம் யார் கைக்கு வருகிறதோ அவன் அந்த வருஷம் தான் அடித்ததை உரக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அடியாகச் சொல்லச் சொல்ல வட்டம் முழுதும் அதைத் திருப்பிக் கத்தும். அவன் பெண்டாட்டி அவனுக்குப் பின்னால் நின்று கையை உயர்த்திக் குதிப்பாள். கடைசியில் தன் அம்மா பிறந்த குடியின் பெயரைச் சொல்லி, கள்ளைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை அடுத்தவனிடம் கொடுப்பான். ஒன்றும் அடிக்காதவன் வாயைத் திறக்காமல் கிண்ணத்தைத் தள்ளிவிட வேண்டியதுதான். அவன் அம்மா குடியின் பெயரும் அன்றைக்கு ஒலிக்காது.

கண் போனதிலிருந்து மாமா தள்ளிக்கொண்டே இருந்தார். பின்னால் என் அக்கா நியுன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போன விழாவில் சுபாலி, மாமாவுக்குப் பெரியப்பா மகன், ஊரிலேயே நீளமாகப் பட்டியல் சொல்கிற ஆள், வட்டத்துக்கு நடுவிலிருந்து கேட்டார்:

"ஏன் தம்பி, முட்டைக்கோஸ் வெட்டினதயாவது சொல்லக் கூடாதா? அதுவும் மலையிலதான வெளையுது!"

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அக்கா மட்டும் சொன்னாள்: "வருஷா வருஷம் சும்மா நின்னு நின்னு எனக்குக் கால் மரத்துப் போகுது."

அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் மாமா துப்பாக்கியைச் சுவரிலிருந்து எடுத்து இடது தோளில் வைத்துப் பார்த்தார். எங்கள் நாட்டுத் துப்பாக்கிகள் எல்லாம் குழாய் வாயில் கருமருந்து கெட்டித்துச் சுடுகிறவை. இடது தோளுக்கென்று எவனும் செய்து வைக்கவில்லை. குளிர்காலம் பூராவும் வேலை விட்டு வந்து வேலிமேல் பம்பளிமாஸ் பழத்தை வைத்துச் சுட்டுப் பழகினார். மாசி முடிவதற்குள் பழம் சிதற ஆரம்பித்தது. பகலில் சிதறியது. ஆனால் தனியாள் ஒருவன் போய் அடித்து வரக்கூடியது பறக்கும் அணில்தான், அது இருட்டிய பிறகுதான் பொந்தைவிட்டு வெளியே வரும். அதனால் டார்ச் வேண்டும். ஒற்றைக் கண்ணுக்கு ஏற்ற டார்ச்.

விழாவுக்கு முந்தின வாரம் நானும் மாமாவும் குவான்ஷான் டவுனுக்குப் போனோம். நான் முட்டைக்கோஸ் லாரி ஓட்டுகிறவன். லோடை இறக்கிவிட்டு ரயில்வே கேட் பக்கத்து இரும்புக்கடையில் வண்டியை நிறுத்தினேன். கடைக்காரம்மா குட்டையான ஆள், மலைக்குக் கீழே சமவெளிக்காரர். எங்கள் ஊருக்கு ஆணி முதல் ஆட்டுச் சங்கிலிவரை விற்றவர்.

"டார்ச் வேணும்," என்றார் மாமா.

"எதுக்கு?"

மாமா என்னைப் பார்த்தார். எதற்கு என்று நாங்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். சொன்னால் மலை கேட்டுவிடும், மலையில் இருக்கிறதும் கேட்டுவிடும்.

"ரோடு பாக்க," என்றார்.

"ரோட்டக் குனிஞ்சு பாக்கவா, அண்ணாந்து பாக்கவா?"

"அண்ணாந்து."

"அப்பிடிச் சொல்லு. உங்க ஊர்ல ரோடெல்லாம் மரத்து மேலதான போகுது."

பெட்டி பெட்டியாக எடுத்துப் போட்டார். முதலில் நெற்றியில் கட்டுகிற விளக்கு. மாமா கட்டிக்கொண்டு, கடையில் கிடந்த ஒரு இரும்புக் குழாயைத் துப்பாக்கி மாதிரி தோளில் வைத்தார். தலையை ஆட்டினார்.

"வேணாம். நெத்தியிலேருந்து வெளிச்சம் கொழாய் முதுகுல விழுது. கொழாய்தான் பளபளன்னு தெரியுது. ரெண்டு கண்ணு இருக்கறவன் சமாளிப்பான். எனக்கு இருக்கற ஒண்ணும் கூசுது."

அடுத்தது முழங்கை நீள டார்ச். "இத மாட்டுனா துப்பாக்கி மூக்கால மண்ணு தோண்டும்," என்றார். அப்புறம் கடைக்காரம்மா கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து கட்டை விரல் பருமனில் கறுப்பாக ஒன்றை எடுத்தார்.

"இது அஞ்சு வகையா எரியும். பெருசு, நடுத்தரம், சிறுசு, மினுக்கு, அப்புறம் ஆபத்துக்கு உதவி கேக்கற மினுக்கு. இதப் போட்டா எதிர் மலையில படுத்திருக்கறவன் எழுந்து கண்ணக் கசக்குவான்."

"அஞ்சு எதுக்குங்க?"

"இருக்கட்டுமே மாமா," என்றேன் நான். "ஒண்ணு கெட்டா நாலு மிச்சம்."

அந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு வந்தோம்.

அதைத் துப்பாக்கியில் மாட்ட ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. குழாய்க்கு மேலே கட்டினால் நுனியில் இருக்கிற குறிமணியை டார்ச் மறைத்தது. கீழே கட்டினால் மருந்து கெட்டிக்கிற கம்பி வெளியே வரவில்லை. இடது பக்கம் கட்டினால் வெளிச்சத்தின் ஓரம் மாமாவின் கண்ணிலேயே அடித்தது. கடைசியில் வலது பக்கம் வைத்து, கட்டுக்கம்பியைச் சுற்றி, அதன் மேல் கறுப்பு டேப்பைச் சுற்றினோம்.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வேட்டைத் துப்பாக்கியைப் பெண்கள் தொடக் கூடாது, எங்களுக்கு அது அப்படித்தான். தொட்டால் துப்பாக்கிக்குக் கண் அவிந்துவிடும் என்பார்கள். அக்காவுக்கு ஸ்கூட்டர் கடையில் வேலை. ஊரில் ஓடுகிற ஸ்கூட்டர்களில் பாதிக்கு முகவிளக்கை நிமிர்த்தி வைத்தது அவள்தான். கை பரபரத்தது, ஆனால் எழுந்து வரவில்லை.

"கட்டுக்கம்பி போடாதீங்க. வெடிச்சதும் ஆடும்."

"இது ஸ்கூட்டர் இல்லடி," என்றார் மாமா.

"ஸ்கூட்டர் நல்லது. ஆடுனா சத்தமாவது போடும்."

மறுநாள் வேலை முடிந்து வந்து, இருட்டுமுன் கிளம்பினோம். மாமா துப்பாக்கியைத் தோளில் மாட்டி வாசலைத் தாண்டக் காலை எடுத்தார். அடுப்படியிலிருந்து ஒரு தும்மல் வந்தது. ஓட்டு வீடு அதிர்கிற தும்மல்.

மாமா எடுத்த காலை அப்படியே உள்ளே வைத்தார். நான் தொப்பென்று உட்கார்ந்தேன். கிளம்பும்போது தும்மல் கேட்டால் அன்றைக்குப் போகக் கூடாது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கண்ணில் நீர். "சளி. நான் என்ன பண்ணட்டும்?"

"அக்கா, அது மூக்கா, வெடிமருந்துக் கொட்டாயா?"

"வாய மூடு. விழாவுக்கு இன்னும் நாள் இருக்கு."

அடுத்த நாள் நாங்கள் துப்பாக்கியை எடுக்குமுன் அவளே துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "நான் பாலத்துக்கு அந்தாண்ட போய் நின்னுக்கறேன். தும்முனாலும் ஆத்துக்குத்தான் கேக்கும். நீங்க ரோடு பாத்துட்டு வாங்க."

காட்டு இலாகா பாதையில் ஏறினோம். நிலா இல்லை. ஆல்டர் மரங்கள் முடிந்து ஓக் மரங்கள் தொடங்குகிற இடத்தில் உட்கார்ந்தோம். இருள் கூடியதும் மேலே எங்கோ நீளமாக ஒரு சீட்டிச் சத்தம் கேட்டது. மாமா டார்ச்சைப் போட்டார்.

கடைக்காரம்மா சொன்னது பொய்யில்லை. காடே சுண்ணாம்படித்தது போல வெளுத்தது. கிளையில் ஒரு பறக்கும் அணில், வெள்ளை முகம், உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் பட்டதும் முகத்தைத் திருப்பி மரத்தோடு ஒட்டிக்கொண்டது. கண் தெரிந்தால்தானே குறி வைப்பது? மாமா காத்திருந்தார். அது காத்திருக்கவில்லை. போர்வையை உதறினாற்போல விரித்து, எங்கள் தலைக்கு மேலேயே மிதந்து பள்ளத்துக்குள் போய்விட்டது.

இன்னொன்று கிடைக்க நேரமானது. அது திரும்புமுன் மாமா சுட்டுவிட்டார். கருமருந்துப் புகை வெளிச்சத்தில் வெள்ளைச் சுவர் மாதிரி எழுந்து நின்றது. சுவருக்குள் டார்ச் திடீரென்று மினுக்க ஆரம்பித்தது. வெடித்த அதிர்வில் அது தானாகவே வேறு வகைக்கு மாறிவிட்டிருந்தது. பளிச் பளிச் பளிச். புகையும் சேர்ந்து பளிச்சிட்டது.

"என்ன மாப்ள இது, கல்யாண டிஸ்கோவா?" மாமா பொத்தானை அமுக்கினார். அது உதவி கேட்கிற மினுக்குக்குப் போயிற்று. மறுபடி அமுக்கினார். பெரிய வெளிச்சம் வந்து என் முகத்தில் அடித்தது, ஏனென்றால் கம்பி தளர்ந்து டார்ச் பக்கவாட்டில் திரும்பித் தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, அணில விட்டுட்டு என்னச் சுட்ராதீங்க!"

"உன்னச் சுட்டு வட்டத்துல என்னன்னு சொல்றது? தோலுக்கும் ஆவாது, சூப்புக்கும் ஆவாது."

சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு பேரும் பாதையில் உட்கார்ந்துவிட்டோம். அணில் எங்கே போனதென்று தெரியவில்லை. இறங்கி வரும்போது கீழ் வளைவில் சுபாலி ஸ்கூட்டரோடு நின்றிருந்தார்.

"என்னய்யா, மேல மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுதே? ஆம்புலன்சு வந்திருக்கோன்னு பாக்க வந்தேன். ஊரே வாசல்ல நிக்குது."

"ரோடு பாத்தோம்ணே," என்றார் மாமா.

"ரோடு தெரிஞ்சுதா?"

"ரொம்ப நல்லாத் தெரிஞ்சுது."

வீட்டுக்கு வந்ததும் அக்கா டார்ச்சைக் கையில் வாங்கினாள். டார்ச்சைத் தொடலாம், துப்பாக்கியைத்தான் தொடக் கூடாது. வாலை அழுத்தினாள், குலுக்கினாள், காதில் வைத்துக் கேட்டாள்.

"பாட்டரி பின்னால ஸ்பிரிங் ஆடுது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வகை மாறும். உனக்கு அஞ்சு வகை எதுக்குய்யா? ஒரு வேலைதான செய்யணும் அது?"

"உன் தம்பிதான் ஒண்ணு கெட்டா நாலு மிச்சம்னான்."

"அவன் முட்டைக்கோஸ் எண்ணுறவன். அவங்கிட்டயா கேப்ப?"

மறுநாள் அவள் கடையிலிருந்து வரும்போது ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பை தொங்கியது. பையைத் திண்டில் கவிழ்த்தாள். சைக்கிள் ட்யூப் ஒரு முழம், தண்ணீர்க் குழாயை இறுக்குகிற இரும்பு வளையம் இரண்டு, உடைந்த ஸ்கூட்டரின் மஞ்சள் இண்டிகேட்டர் கண்ணாடி ஒன்று, கீறல் விழுந்த பழைய டார்ச் ஒன்று. என்ஜினுக்கு அடியில் பார்க்க வைத்திருந்தது. பொத்தானே கிடையாது. கழுத்தைத் திருகினால் எரியும், திருப்பித் திருகினால் அணையும்.

"இதா?" என்றார் மாமா. "இது கெழட்டு டார்ச்சாச்சே."

"கெழடுதான். லாரி ஏறியும் அணையல. மொதல்ல ஒரு நூலக் கொழாயச் சுத்தி அளந்து எங்கிட்டப் போடு."

மாமா துப்பாக்கிக் குழாயை நூலால் சுற்றி, முடிச்சுப் போட்டு, முடிச்சைக் கழற்றாமல் அவளிடம் எறிந்தார். அவள் கொட்டகையில் கிடந்த உடைந்த மம்பட்டிக் காம்பை எடுத்து, நூல்வளையம் சரியாக நுழைகிறவரை கத்தியால் சீவினாள். குழாயின் நீளம் எவ்வளவு, குறிமணி எங்கே, கம்பி எங்கே என்று கேட்டுக் கேட்டுக் காம்பில் கரியால் கோடு போட்டாள். குறிமணிக்கு ஒரு சோயாமொச்சையைப் பசையால் ஒட்டினாள். காம்பு துப்பாக்கியாகிவிட்டது. அதைத் தொட அவளுக்கு யாரும் தடை சொல்ல முடியாது, தினைக்கொல்லையில் அதே காம்பால் கொத்தினவள் அவள்.

ட்யூபில் ஒரு துண்டை வெட்டி டார்ச்சுக்குச் சட்டையாகப் போட்டாள். அதன் மேல் வளையங்கள். பாட்டரிக்குப் பின்னால் ஒரு ரப்பர் வில்லையைத் திணித்தாள், ஸ்பிரிங் அசையாமல் இருக்க. இண்டிகேட்டர் கண்ணாடியை ரம்பத்தால் வட்டமாக அறுத்து, அரத்தால் தேய்த்து, டார்ச் வாயில் பொருத்தினாள். எல்லாவற்றையும் காம்பின் வலது பக்கத்தில் வைத்து முறுக்கிவிட்டு, முற்றத்தில் குப்புறப் படுத்து, காம்பை இடது தோளில் வைத்து, வலது கண்ணை இறுக்க மூடினாள்.

அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தெருவில் ஆள் சேர்ந்துவிட்டது. சுபாலியும் தன் நாயோடு வந்துவிட்டார்.

"நியுன், மம்பட்டி சுடுமா?"

"சுடும் மச்சான். வாயத் தொறந்து காட்டுங்க."

சிரிப்பு அடங்க நேரமானது. அக்கா யாரையும் பார்க்கவில்லை. "மொச்சையில வெளிச்சம் படுது," என்றாள். "பக்கத்துல ஒழுகுற வெளிச்சந்தான் கண்ணக் கூசுது. குதிரைக்குக் கண்ணுல தட்டி கட்டுற மாதிரி கட்டணும்." எழுந்து, ட்யூப் சட்டையை டார்ச் வாய்க்கு முன்னால் நான்கு விரல் நீட்டி இழுத்துவிட்டாள். மறுபடி படுத்தாள். இப்போது வெளிச்சம் ரப்பர் மூக்குக்குள்ளிருந்து நேராகப் போயிற்று. மொச்சை கறுப்பாக நின்றது. தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டியின் நடுவில் தாம்பாளம் அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம் விழுந்தது. வட்டம் மொச்சைக்கு நேராக வருகிறவரை வளையத்தைத் திருகினாள், அட்டையை மடித்துச் சொருகினாள், மறுபடி திருகினாள்.

"இப்ப எதாவது கண்ணு வேணும்."

சுபாலியின் நாய் தன்மேல் திரும்பிய மஞ்சள் வட்டத்தைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. அதன் கண் பச்சையாக மின்னியது. பக்கத்து வீட்டுக் கூரையில் ஒரு பூனை. அக்கா காம்பைத் திருப்பினாள். பூனை கூரைமேல் கால்களை மடித்து உட்கார்ந்து, இரண்டு கண்ணும் தணல் மாதிரி, எங்களையே பார்த்தது. ஓடவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தது. தெருவும் பூனையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"வெள்ளையா அடிச்சா எவனும் மூஞ்சியத் திருப்புவான்," என்றாள் அக்கா. "மஞ்சளா அடிச்சா என்னமோ அடுப்புன்னு நெனைச்சு உக்காந்திருக்கு பாரு."

அப்புறம் வளையங்களைக் கொஞ்சம் தளர்த்தி, காம்பைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். மாமா குந்தி, டார்ச்சை அதன் சட்டையோடும் வளையங்களோடும் அப்படியே உருவித் துப்பாக்கிக் குழாயில் ஏற்றினார். அவள் எட்ட நின்றே சொன்னாள்: "இன்னும் உள்ள. இன்னும். நிறுத்து. திருப்பு. அந்தப் பக்கம் இல்ல மனுஷா, உனக்கு இருக்கற கண்ணு பக்கத்துலேருந்து தள்ளி. ஆங். இப்ப முறுக்கு. பல்லக் கடிச்சு முறுக்கு."

மாமா தோளில் வைத்தார். தொட்டியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நியுன்," என்றார். "மணி தெரியுது. வட்டம் தெரியுது. வேற ஒண்ணும் தெரியல."

"வேற என்ன தெரியணும் உனக்கு?"

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் மாமா கனவு காண்பதற்காகப் படுத்தார். கனவு நல்லதாக இல்லாவிட்டால் போக முடியாது. எழுந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"என்ன கண்டீங்க?" என்றேன்.

"கம்பெனிக்காரன் வந்தான். மறுபடி பழக்கூடையோட."

அக்காவின் கையில் இருந்த கரண்டி நின்றது. "இது நல்லதா கெட்டதா?"

"கைநிறைய வாங்கிக்கிட்டா நல்லது. குடுத்தா கெட்டது." மாமா யோசித்தார். "நான் வாங்கிக்கிட்டேன். நெறைய இருந்துச்சு. அன்னிக்கு இருந்ததவிடப் பெருசு."

"அப்ப போய்ட்டு வா. இப்பிடியாவது அந்தக் கூடை உருப்படட்டும்," என்று சொல்லிவிட்டு, துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு பாலத்துக்குப் போய்விட்டாள்.

அதே பாதை, அதே ஓக் மரங்கள். இருட்டி அடுப்புப் புகை அடங்குமுன் அந்தச் சீட்டிச் சத்தம் வந்துவிட்டது. மாமா டார்ச்சின் கழுத்தைத் திருகினார். மஞ்சள் வட்டம் அடிமரத்தில் ஏறி, கிளைக்குப் போய், அடுத்த கிளைக்குப் போய் நின்றது.

இரண்டு சிவப்புக் கண்கள். வெள்ளை முகம். தளிரைத் தின்றுகொண்டிருந்தது. தின்பதை நிறுத்திவிட்டு வெளிச்சத்தைப் பார்த்தது, நேற்றுப் பூனை பார்த்த அதே பார்வை. மாமாவின் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. என் மூக்கு அரித்தது. நான் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டேன்.

துப்பாக்கி வெடித்தது. புகை எழுந்தது. டார்ச் மினுக்கவில்லை, திரும்பவில்லை, தொங்கவில்லை. மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது. புகைக்கு அப்பால், இலைகள் மேல், பொத்தென்று ஏதோ விழுந்த சத்தம்.

நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. "விழுந்துச்சா?" என்று மாமா கேட்டார்.

ஓடினோம். வேர் இடுக்கில் கிடந்தது, வால் ஒரு முழம் இருக்கும். மாமா அதைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார், எனக்கா தனக்கா தெரியவில்லை. அப்புறம் மலையைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் இன்னொன்றும் கிடைக்கும் என்றேன்.

"போதும் மாப்ள. ஒண்ணு போதும். கூடை நெறைஞ்சுபோச்சு."

ஊர் தெரிகிற வளைவு வந்ததும் மாமா நெஞ்சைப் பிடித்து நீளமாக ஒரு கூவல் கூவினார். அடித்துக்கொண்டு வருகிறவன் கூவுகிற கூவல். நான் அவர் வாயிலிருந்து அதைக் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது. கீழே நாய்கள் குரைத்தன. பாலத்திலிருந்து பதிலுக்கு ஒரு சத்தம் வந்தது. தும்மல். தொடர்ந்து இரண்டு, மூன்று, நான்கு.

"இப்பத் தும்மலாம்ல?" என்று அக்காவின் குரல் கேட்டது. "சாயங்காலத்துலேருந்து அடக்கி வச்சிருக்கேன்!"

விழா அன்று வட்டம் கூடியது. கிண்ணம் சுபாலியிடம் வந்தபோது அவர் வழக்கம்போலத் தொடங்கினார். பன்றி சொன்னார், மான் சொன்னார், அணில்களைச் சொன்னார். மூன்றாவது பன்றியைச் சொன்னபோது பின்னாலிருந்து யாரோ, "அது போன மாசம் லாரியில அடிபட்ட பன்னிதான?" என்றார்கள். வட்டம் அதையும் சேர்த்துத் திருப்பிக் கத்தியது. சுபாலிக்கே சிரிப்பு வந்து கள் மூக்கில் ஏறிவிட்டது.

அடுத்து மாமா. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தார். தள்ளவில்லை. பின்னால் அக்கா மம்பட்டிக் காம்பை ஊன்றிக்கொண்டு நின்றாள். மொச்சை இன்னும் அதில் ஒட்டியிருந்தது.

"கேட்டுக்குங்க!" என்றார் மாமா.

"கேட்டுக்குங்க!" என்றது வட்டம்.

"நான் அடிச்சது!"

"நான் அடிச்சது!"

"ஒண்ணே ஒண்ணு!"

வட்டம் ஒரு நொடி தடுமாறியது. இவ்வளவு சின்னப் பட்டியலை யாரும் இவ்வளவு பெரிய குரலில் சொன்னதில்லை. அப்புறம் மலையே அதிர்கிற மாதிரி, "ஒண்ணே ஒண்ணு!"

"வெள்ளை மூஞ்சி!"

"வெள்ளை மூஞ்சி!"

"எந்தக் கண்ணால?"

"எந்தக் கண்ணால?"

"மிச்சக் கண்ணால!"

சுபாலிதான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினார், கழுத்து நரம்பு புடைக்க. "மிச்சக் கண்ணால!"

"எவ வெளிச்சம்?" என்றார் மாமா. அப்படி ஓர் அடியை இதுவரை யாரும் வட்டத்தில் சொன்னதில்லை. வட்டம் திருப்பிச் சொன்னது.

"நியுன் வெளிச்சம்!" என்றார் மாமா.

என் அக்கா குதித்தாள். கையை உயர்த்துவதற்குப் பதிலாக மம்பட்டிக் காம்பை உயர்த்திக் குதித்தாள். நின்று நின்று மரத்த கால் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு செருப்பு கழன்று வட்டத்துக்கு மேலே பறந்து சூப்புப் பானைக்குப் பக்கத்தில் விழுந்தது. அவள் இறங்கி மறுபடி குதித்தாள். மாமா தன் அம்மாவின் குடிப்பெயரைச் சொன்னார், "பலாலவி!" வட்டம் அதைச் சொன்னபோது, பலாலவிக் குடியில் பிறந்த கிழவர்களும் பெண்களும் கூட்டத்தின் நாலா மூலையிலிருந்தும் எழுந்து கை தட்டினார்கள். மாமா கள்ளை ஒரே மூச்சில் குடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு கண்ணையும்.

அந்த ஒரு அணிலை இஞ்சி தட்டிப் போட்டுப் பெரிய பானையில் வேக வைத்திருந்தார்கள். ஊர் முழுக்கப் பங்கு. எனக்கு வந்த கிண்ணத்தில் நூல் மாதிரி ஓர் இழை கறி மிதந்தது. இஞ்சி நன்றாக இருந்தது.

மாமா கிண்ணத்தை எனக்குத் தள்ளினார். நான் அந்த வருஷம் ஒன்றும் அடிக்கவில்லை. வாயைத் திறக்காமல் அடுத்தவனிடம் தள்ளப் போனேன். பின்னாலிருந்து மம்பட்டிக் காம்பு என் முதுகில் குத்தியது.

"சொல்லுடா," என்றாள் அக்கா. "முட்டைக்கோஸ் சொல்லு."

"கேட்டுக்குங்க!" என்றேன். "முட்டைக்கோஸ்! லாரி லாரியா!"

வட்டம் அதையும் திருப்பிக் கத்தியது. எனக்குப் பெண்டாட்டி கிடையாது, அதனால் எனக்காகவும் அவளே, ஒற்றைச் செருப்போடு, இன்னொரு முறை குதித்தாள்.